இரண்டாவது சீட்டு

அத்தியாயம் பதினேழு

சௌந்திரம் சோறு கொண்டுபோகிற ஒரு தூக்குப் போசியை அட்டாலிப் பரணில் ஏற்றி, அதன் மேல் பழைய புடவையைப் போட்டு மூடினாளே, அதற்குள் என்ன என்று கேட்டு நாலைந்து வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். நகையாக இருக்கும் என்கிறார் ஒருவர். விஷமாக இருக்குமோ என்று ஓமலூரிலிருந்து ஒருவர் பயந்திருக்கிறார். மூன்று வாரம் மூடி வைத்தது போதும், எனக்கே கை வலிக்கிறது. அதில் இருப்பவை வாக்குச் சீட்டுகள்.

இன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

இந்த ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலில் நம் தொகுதி இரட்டைத் தொகுதி. பார்லிமெண்டுக்கு இரண்டு பேரை அனுப்ப வேண்டும். ஒரு இடம் பொது, இன்னொன்று தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கியது. அதனால் ஓட்டுப் போட வருகிறவர் கையில் இரண்டு சீட்டுக் கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம். ஒரு சீட்டை ஒருவர் பெட்டியிலும் மற்றதை வேறொருவர் பெட்டியிலும் போட்டுவிட்டு வர வேண்டும். சட்டசபைக்கு வேறு பெட்டிகள் தனியாக உண்டு. அந்தக் கூத்தில் நாம் இறங்க வேண்டாம்.

பூங்குட்டை ராசப்பன் பொது இடத்துக்கு நின்றார். சைக்கிள் சின்னம். ஒதுக்கிய இடத்துக்கு அதே ஊர்ச் சேரியில் பிறந்த சென்னிமலை வாத்தியார் நின்றார். அரிக்கேன் விளக்குச் சின்னம். இருவருக்கும் கட்சி கிடையாது. வெண்ணந்தூர் நெசவாளர்களும் சுற்றுப்பட்டு விவசாயிகளும் சேர்ந்து நிறுத்திய சுயேச்சைகள். நிற்பதற்காக வாத்தியார் தன் பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நாற்பது நாள் இருவரும் ஒரே ஜீப்பில் சுற்றினார்கள். எந்த ஊரில் பேசினாலும் ராசப்பன் முடிக்கும்போது ஒன்றைச் சொல்வார். "மூத்தவனுக்கு ஒரு சீட்டு, இளையவனுக்கு ஒரு சீட்டு. ரெண்டையும் போட்டாத்தான் உங்க ஓட்டு முழு ஓட்டு."

சேரிக்காரர்கள் தோட்டக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவதுதான் ஊர் வழக்கம். முதல் நாளே வாத்தியாரிடம் கண்டிப்பாகச் சொல்லியும்விட்டார். "இனிமே பண்ணாடின்னு கூப்பிடாத. அண்ணான்னு கூப்பிடு."

கூப்பிட்டார். முதல் வாரம் நாக்குத் தடுக்கியது. பிறகு பழகிவிட்டது.

இனி சௌந்திரம். அவள் ராசப்பனின் மனைவி. ஐம்பத்திரண்டில் அவர் முதல் தடவை நின்று தோற்றபோது நாலு மாதம் யாருடனும் பேசவில்லை. பொழுது விடிந்தால் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொள்வார். அவளும் எருமைக்குப் புல் அறுக்கிற சாக்கில் பின்னாலேயே போய் உட்கார்ந்திருப்பாள். நாலு மாதமும் ஒரு நாள்கூட விடவில்லை. அந்தக் கிணறு அவள் வயிற்றை விட்டு இன்னும் போகவில்லை.

கொழுந்தன் மணியனுக்கு இது தெரியும். தேர்தலுக்கு முதல் நாள் அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னான். எல்லாரும் இரண்டு சீட்டையும் போட்டால் வாத்தியார் அண்ணனைத் தாண்டி மேலே போய்விடுவார், ஒதுக்கிய இடத்துக்கு நிற்கிற இன்னொருவனும் மேலே வந்துவிட்டால் இரண்டு இடமும் அவர்களுக்கே போய்விடும், பொது இடம் மிச்சப் பேரில் அதிக ஓட்டு வாங்கியவனுக்கு, அவன் எந்தச் சாதியானாலும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று. சட்டம் அப்படி இருந்தது உண்மை. அப்படி நடக்க வழியில்லை என்பதும் உண்மை. அதை அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

மறுநாள் மூன்று வண்டி கட்டித் தெருப் பெண்களை ஓட்டுப் போட அழைத்துப் போனவள் சௌந்திரம்தான். சைக்கிள் பெட்டியில் ஒன்றைப் போடுங்கள், மற்றதை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். தெருவில் போடாதீர்கள், சிங்க முத்திரை போட்ட கவர்மெண்ட் காகிதம், என்னிடமே கொடுங்கள் என்றாள். அவர்களும் தாலிக்கயிற்று மஞ்சள் ஒட்டிய கையால் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தாள்.

அந்தச் சீட்டுகளுக்கு வேலை வந்த நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

*

சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. எண்ணிக்கை மூன்றாவது நாளாக நடந்துகொண்டிருந்தது. ராசப்பனும் சென்னிமலையும் ஜீப்பின் நிழலில் நின்றிருந்தார்கள். இருவருமே காலையில் காபிகூடக் குடிக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஆரோக்கியசாமி வெளியே வந்தார். சேலத்தில் வக்கீல் குமாஸ்தா. இருவருக்கும் எண்ணிக்கை ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்தவர் அவர்தான். மூன்று நாளாகப் பெட்டி வாரியாக எழுதி எழுதி, வலது கைவிரல்கள் நீலமாகிக் கிடந்தன.

"ஐயா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு."

ராசப்பன் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. "தம்பி?"

ஆரோக்கியசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்பத்தெட்டு ஓட்டுங்க."

"அம்பத்தெட்டு எச்சா?"

"கம்மி."

வாத்தியார் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒதுக்கிய இடத்துக்கு அவரை எதிர்த்து நின்று ஜெயித்தவரின் ஆட்கள் அந்தப் பக்கம் வெடி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னொருக்கா எண்ணச் சொல்லுங்க," என்றார் ராசப்பன்.

"எண்ணியாச்சுங்க. மொதத் தடவை அறுபத்தொண்ணு. கேட்டு எழுதிக் கொடுத்து மறுபடி எண்ணினதுலதான் அம்பத்தெட்டு."

அதற்குள் நெசவாளர் சங்கத்து ஆட்கள் இரண்டு ரோஜா மாலைகளோடு ஓடி வந்தார்கள். பாவம், இருவரும் ஜெயிப்பார்கள் என்று நம்பி விடியற்காலையே வாங்கியது. விஷயம் தெரிந்ததும் ஒரு மாலையை மட்டும் முன்னால் நீட்டி, மற்றதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நீட்டியதைச் சென்னிமலை வாங்கி ராசப்பனின் கழுத்தில் போட்டார்.

"நல்லா இருங்ணா."

ராசப்பன் குனிந்தவர் குனிந்தபடியே கேட்டார். "ஆரோக்கியசாமி, நம்மூருப் பெட்டி என்ன சொல்லுது?"

"அது எதுக்குங்ணா இப்ப," என்றார் வாத்தியார்.

அவ்வளவு சீக்கிரமாக அவர் சொன்னதிலிருந்தே ராசப்பனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "நீங்க படிங்க," என்றார் குமாஸ்தாவிடம்.

ஆரோக்கியசாமி தாளைத் திருப்பினார். "பூங்குட்டை. சைக்கிள் அறுநூத்திப் பதினொண்ணு. விளக்கு நூத்தி முப்பத்தெட்டு."

பூங்குட்டைச் சேரியில் மொத்தம் நூற்று நாற்பது ஓட்டு. தேர்தலன்று இருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள் என்பதுகூட ராசப்பனுக்குத் தெரியும். ஆக விளக்குக்கு விழுந்தது சேரி ஓட்டு மட்டும்தான். அதே நூற்று முப்பத்தெட்டுப் பேரும் தங்கள் அடுத்த சீட்டைத் தவறாமல் சைக்கிளுக்குப் போட்டிருக்கிறார்கள். மிச்சம் நானூற்று எழுபத்து மூன்று பேர் அவருடைய தெருக்காரர்கள், மாமன் மச்சான்கள், பங்காளிகள்.

"நானூத்திச் சொச்சம் பேருல ஒருத்தரு கூடவா போடல?"

ராசப்பன் வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னயே தெரியுமா சென்னிமலை?"

"ஓட்டுப் போட்ட அன்னைக்குச் சாயங்காலமே காதுல உழுந்துச்சுங்ணா. வேற ஊருல வந்து சரிக்கட்டிரும்னு நெனச்சேன்." வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வெசனப்படாதீங்க. நீங்க சொல்லாம உட்டீங்களா என்ன. நாப்பது நாளுந்தான் சொன்னீங்க."

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னப் பாக்கறது?"

"எப்பவும் பாக்கற மாதிரியே பாருங்ணா."

நான் அந்த வேப்பமரத்தடியில் இல்லை. இருந்திருந்தால் இந்த வார்த்தைக்கு மேல் அங்கே நிற்க முடியாமல் நகர்ந்திருப்பேன்.

வாத்தியார் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். ராசப்பன் விடவில்லை. சேர்ந்துதானே வந்தோம், சேர்ந்துதான் ஊருக்குள் போக வேண்டும் என்றார். ஜீப்பில் ஏறும்போது, மறைத்து வைத்திருந்த அடுத்த மாலையைச் சங்கத்து ஆள் ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் பின் சீட்டில் வைத்தார். ஊர் வரைக்கும் அது வாத்தியாரின் தொடைப்பக்கம் கிடந்தது.

*

அதற்கு முன்பே மணியனின் மோட்டார் சைக்கிள் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி வந்திருக்கிறான். தலையெல்லாம் புழுதி.

"நங்கை, அண்ணன் ஜெயிச்சுட்டாங்க."

அண்ணன் மனைவியை அவன் நங்கை என்றுதான் கூப்பிடுவான். சௌந்திரம் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஐந்து வருஷமாக வயிற்றில் கிடந்த கிணறு தூர்ந்து போயிற்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்த பிறகுதான் கேட்டாள்.

"வாத்தியாருந்தான?"

"அது கெடக்குது. விருந்துக்கு வர்ற ஒறம்பரைக்கு எத்தனை படி அரிசி போட்டிருக்கறீங்க?"

"வாத்தியார் என்ன ஆனாருன்னு கேட்டேன்."

"தோத்துட்டாரு."

"எத்தனைல?"

"என்னமோ அம்பத்தெட்டாமா."

சௌந்திரம் உள்ளறைக்குப் போனாள். முக்காலியைப் போட்டு ஏறி, அட்டாலியில் இருந்த போசியை இறக்கினாள். தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கினாள். ஒரு ரூபாய் நோட்டளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் வியர்வை பட்டுச் சுருக்கம். பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் கொடுத்தது எது என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது, அது எட்டாக மடித்திருந்தது.

நாலு அடுக்கு ஆயிற்று. ஐந்து ஆனதும் போதும் என்று தோன்றியது. கையில் இன்னும் சீட்டு இருந்தது. ஆறாவது அடுக்கு நிறையும்போது அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் கடைசி வரை எண்ணினாள்.

ஏழு அடுக்கும் மூன்று சீட்டும்.

மணியன் வாசற்படியில் வந்து நின்றான். பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இத இன்னுமா வெச்சிருக்கறீங்க? அன்னைக்கே அடுப்புல போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எழுவத்தி மூணு இருக்குது மணியா."

"இருக்கட்டும். எடுங்க, எரியற அடுப்புல போட்டுட்டு வேலையப் பாருங்க."

"அம்பத்தெட்டுலதான அவரு தோத்தாரு? நம்ம தெருப் பொம்பளைங்க சீட்டு மட்டுமே போதுமாட்ட இருக்குதே."

"நங்கை, நான் உங்ககிட்ட மட்டும் சொல்லல. பதினோரு ஊருல சொன்னேன். ஒக்காந்து எண்ணுனா விடிய விடிய எண்ணிக்கிட்டே இருக்கோணும்."

"வாத்தியார் இவுங்களத் தாண்டிருவாருன்னு சொன்னியே."

"நெனச்சேன்."

"இவுங்க எத்தனைல ஜெயிச்சாங்க?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்."

"அத்தனை ஊருச் சேரிச் சனமும் சைக்கிளுக்குப் போடாம நம்மளாட்டமே ஒரு சீட்ட மடியில கட்டிக்கிட்டுப் போயிருந்தா?"

மணியன் கீழே குந்தி, சீட்டுகளை வாரிப் போசிக்குள் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"இங்க பாருங்க. இது வெளிய தெரிஞ்சா கேசு போடுவாங்க. அண்ணன் ஜெயிச்சது செல்லாதுன்னு ஆனாலும் ஆயிரும். நீங்க கோர்ட்டுல கூண்டேறி நிக்கோணும். மறுபடியும் அவுங்க கெணத்து மேட்டுக்குப் போய் ஒக்காந்தா நீங்க போய்க் காவலிருப்பீங்களா?"

அவன் எதைத் தொட்டால் அவள் அடங்குவாள் என்று தெரிந்து தொட்டான். அவனை அப்படியே கெட்டவன் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் ஐம்பத்திரண்டில் தோற்றபோது ஆறு வேளை சோறு உண்ணாதவன் அவன்.

சௌந்திரம் போசியோடு சமையல்கட்டுக்குப் போனாள். கோட்டை அடுப்பில் விருந்துச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். ஒரு பிடி அள்ளினாள். தீயின் சூடு புறங்கையில் பட்டது.

நாற்பது நாளும் ஜீப் எந்த ஊரில் நின்றாலும் இந்தப் போசியில்தான் மத்தியானச் சோறு போகும். இருவருக்கும் சேர்த்து ஒரே போசி. முதல் நாள் கட்டிக் கொடுக்கும்போது, வாத்தியாருக்குத் தனியாக ஒன்று வைக்கவா என்று அவள் கேட்டாள். ராசப்பன் அவளைப் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை. சாயங்காலம் போசி திரும்பி வரும்போது புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருக்கும். துலக்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். தான் தின்ற இலையை எடுத்துப் போடக்கூடத் தெரியாதவர் அவள் புருஷன்.

ஒரு நாள்கூட அது துலக்காமல் வந்ததில்லை.

அள்ளிய சீட்டை மறுபடி உள்ளே போட்டு மூடினாள். அடுப்படியிலேயே அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வெந்த சோற்றை வடிக்கப் போனாள்.

*

ஜீப் ஊர் எல்லைக்கு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஊரே திரண்டு நின்றது. தப்பட்டை அடிக்கிறவர்கள் சேரிக்காரர்கள், சென்னிமலையின் பெரியப்பன் மகன்கள். மத்தியானமே விஷயம் தெரிந்தும் வந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அடி ஒரு கணம் நின்றுபோயிற்று. அடியுங்கள் என்று அவரே கையைக் காட்டினார். மறுபடி அடித்தார்கள், முன்பிருந்த வேகம் அதில் இல்லை.

வாசலில் ஆலாத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். நடுவில் சௌந்திரம். ராசப்பன் கழுத்து மாலையைக் கழற்றி ஜீப்பின் மேல் வைத்தார்.

"ஆலாத்தி இருக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ரெண்டாவது சீட்ட என்ன பண்ணுனீங்க?"

தப்பட்டை அடங்கிவிட்டது.

"நான் உங்ககிட்டச் சைக்கிளுக்கு மட்டும் போடுங்கன்னா கேட்டேன்? ரெண்டு பேருக்குந்தான கேட்டேன்? எனக்குப் போட்டது பெருசில்ல. அவனுக்குப் போடாதது எனக்கே போடாத மாதிரி."

அத்தனை பெண்களும் சௌந்திரத்தைத்தான் பார்த்தார்கள். ராசப்பன் ஆண்களையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. சென்னிமலை கவனித்தார்.

"போதுங்ணா," என்றார். "எல்லாரும் நம்ம சனந்தான். உள்ள போய் ஒரு வாய் சாப்பிடுங்க. நான் கைகால் கழுவிட்டு அப்படியே வளவுக்குப் போறேன். ஊட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க."

சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் நடந்தார். சௌந்திரம் தட்டைச் சுப்பம்மாளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கட்டுத்தரையில் மாடுகளுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டி. அதன் பக்கத்தில் நின்று வாத்தியார் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழுவினார். புறக்கடைக் கதவு திறந்தது.

"தம்பி, நில்லுங்க."

அவள் கையில் போசியைப் பார்த்ததும் வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "சோறு வேண்டாங்க்கா. இன்னைக்கு எறங்காது."

"சோறில்ல."

வாங்கினார். போசி லேசாக இருந்தது. மூடியைத் திறந்தார். மேலே இருந்த சீட்டை எடுத்து, சிங்க முத்திரையைப் பார்த்தார். திருப்பி அதன் மஞ்சளையும் பார்த்தார்.

"எத்தனை இருக்குதுங்க?"

"எழுவத்தி மூணு."

எழுபத்து மூன்றிலிருந்து ஐம்பத்தெட்டைக் கழிக்க ஒரு வாத்தியாருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்.

"நாந்தான் கேட்டு வாங்குனேன்," என்றாள் சௌந்திரம். மணியன் பெயரை அவள் எடுக்கவில்லை. "அவுங்க இந்தத் தடவையும் தோத்துட்டா உசுரோட இருக்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன். உங்களுக்குக் கெடுதல் பண்ணோணும்னு நெனைக்கல தம்பி. உங்கள நெனைக்கவே இல்ல. அதான் நான் பண்ணுன பாவம்."

வாத்தியார் சீட்டை உள்ளே வைத்தார்.

"எம்பட எடத்துக்கு வேற வாத்தியார் வந்துட்டாருங்க," என்றார். கோபம் இல்லை, யாருக்கோ தகவல் சொல்கிற மாதிரி இருந்தது. "எம்பட சின்னப் பொண்ணு நேத்துக் கேட்டா. டெல்லிக்குப் போனா என்ன வாங்கிட்டு வருவேன்னு. கண்ணாடி வளையல்னு சொல்லிட்டு வந்தனுங்க."

சௌந்திரம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"என்ன அது?"

ராசப்பன் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியாது. எல்லாம் கேட்டிருக்கிறார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. மனைவியைப் பார்த்தார். திறந்த போசியைப் பார்த்தார். முன்வாசலில் தப்பட்டை மறுபடி கிளம்பியது. மணியன்தான் அடிக்கச் சொல்லியிருப்பான்.

"சௌந்திரம், நீயா?"

அவள் தலையை ஆட்டினாள்.

ராசப்பன் கண்ணை மூடித் திறந்தார். அந்த நேரத்தில் அவருக்குள் என்னென்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோர்ட்டு ஓடியிருக்கும். கூண்டில் நிற்கிற மனைவி ஓடியிருப்பாள். ஐந்து வருஷம் காத்திருந்து இன்று காலை கிடைத்த வெற்றியும் ஓடியிருக்கும். நல்ல மனிதர்தான். நாற்பது நாளும் அவர் மேடையில் பேசியது ஒன்றுகூடப் பொய்யில்லை. அப்படியிருந்தும் அவர் கை நீண்டது.

"அத இங்க குடு சென்னிமலை. நாளைக்கு ஒக்காந்து பேசிக்கலாம்."

வாத்தியார் அந்தக் கையைப் பார்த்தார். அதே கைதான் வெண்ணந்தூர்ச் சந்தையில் ஆயிரம் பேர் முன்னால் அவர் தோளைச் சுற்றி விழுந்தது. இளையவனுக்கு ஒரு சீட்டு என்று கேட்டது.

போசியை அவர் கொடுக்கவில்லை. மூடியை அழுத்தி மூடி, தூக்கைப் பிடித்துக்கொண்டார். தோளில் இருந்த துண்டு எப்போது இறங்கி அவர் கக்கத்துக்குப் போயிற்று என்று சௌந்திரத்துக்குத் தெரியவில்லை.

"வாரேனுங்க பண்ணாடி," என்றார்.

ராசப்பனின் நீட்டிய கை அப்படியே நின்றது.

வாத்தியார் சேரிக்குப் போகிற வரப்பில் ஏறினார். நாலடி போனவர் எதையோ மறந்தவர் போலத் திரும்பிச் சௌந்திரத்தைப் பார்த்தார். நாற்பது நாளாக அவளை அக்கா என்று கூப்பிட்டவர்.

"போசியத் தொலக்கி நாளைக்குக் குடுத்தனுப்பறனுங்க, பண்ணாடிச்சி."

உள்ளே இருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.